புதன்கிழமை கத்தாத பறவை

எங்க அத்தானுக்குக் காட்டுல இருக்கற பறவை அத்தனையும் பேரோட தெரியும். சொந்த வீட்டுல சர்க்கரை எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியாது. என் அக்கா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, இவரு காபியில உப்பை அள்ளிப் போட்டுக் குடிச்சுட்டு, அவ பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு போன் பண்ணி, "உங்கக்கா டப்பா மேல எதுவுமே எழுதி வைக்க மாட்டாளா?"ன்னு கேட்டாரு. அவ எப்படி இருக்கான்னு கேக்கல. வாயெல்லாம் உப்பு கரிக்குதாம்.

கெட்டவர்னு சொல்ல மாட்டேன். கை நீட்டினதில்ல, குடிச்சுட்டு வந்து வாசல்ல விழுந்ததில்ல. எங்க சொந்தக்காரங்க இதையே சொல்லிச் சொல்லி அவரைத் தங்கமான மாப்பிள்ளைன்னு ஆக்கி வெச்சிருக்காங்க. கெட்டவர் இல்லங்கறதெல்லாம் ஒரு தகுதியா? என் கடை வாசல்ல ஒரு விளக்குக் கம்பம் நிக்குது, அதுகூடத்தான் யாரையும் அடிச்சதில்ல. அதுவாவது பொழுது சாஞ்சா வெளிச்சம் குடுக்குது.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. கண்ணு டெஸ்ட் பண்ணி, லென்ஸ் போட்டு, பிரேமைக் காதுக்குத் தக்கபடி வளைச்சுக் குடுக்கறது என் பொழப்பு. இத்தனை வருஷத்துல ஒண்ணு பாத்துட்டேன். இருக்கறதுலயே விலை ஒசந்த கண்ணாடியை வாங்கறவங்க, அதை மாட்டிக்கிட்டு முதல்ல பாக்கறது எழுத்துப் பலகையை இல்ல. எதிர்ல இருக்கற கண்ணாடியில தன் மூஞ்சியைத்தான். அத்தானோட பறவை பாக்கற கிளப்புல முக்கால்வாசிப் பேரு எங்கிட்ட கண்ணாடி வாங்கினவங்க, அதனால தைரியமாவே சொல்றேன்.

ரிட்டயர் ஆனப்ப ஆபீஸ்ல இவருக்கு ஒரு பைனாகுலர் குடுத்தாங்க. குடுத்தவங்க நல்லா இருக்கட்டும். அன்னையிலேர்ந்து மனுஷன் கழுத்துல அது தொங்காத நேரம் கிடையாது. ஊர் ஓரத்துல ஒரு காடு இருக்கு. பெரிய காடெல்லாம் இல்ல, புலியும் இல்ல, யானையும் இல்ல. மரம், புதர், நடுவுல ஒரு மேடு, கடைசியில ஒரு குளம், வாசல்ல கார் நிறுத்தற இடம், "குப்பை போடாதீர்"னு ஒரு பலகை, அது கீழ குப்பை. இந்தக் காட்டுக்குத்தான் காலையில ஒரு கூட்டம் கிளம்பும். 'வன உலா நண்பர்கள்'. அத்தான்தான் செயலாளர்.

அந்தக் கூட்டத்தை நீங்க பாக்கணுமே! உடம்பு பூரா பாக்கெட் வெச்ச பச்சைக் கோட்டு. பாக்கெட்டுல என்ன இருக்கும்னு கேளுங்க, பிஸ்கட் இருக்கும். காரை விட்டு இறங்கினதும் பறவை பயந்துடும்னு கிசுகிசுன்னு பேசுவாங்க. அஞ்சு நிமிஷம் ஆகாது, தலைவரோட போன் கல்யாண மேளம் மாதிரி அடிக்கும். அவரு ஒரு பழைய பேங்க் மேனேஜர். அதை எடுத்து காடே அதிர "ஹலோ"ம்பாரு. தொப்பி போட்ட ஒரு அம்மா, எதைக் காட்டினாலும் "ஐயோ, கொள்ளை அழகு!"ன்னுவாங்க. ஒரு தடவை மரத்துல மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைப் பாத்துட்டுச் சொன்னாங்க. திரும்பி வரும்போது ஒருத்தரை ஒருத்தர், "என்ன பாத்தீங்க?"ன்னு கேட்டுக்குவாங்க. ஒண்ணும் பாக்கலன்னு ஒரு வாய்ல வராது.

சரி, எக்கேடோ கெட்டுப் போகட்டும், என் தலைவலி இல்லன்னுதான் இருந்தேன். அக்காவுக்காகத்தான் இதுல தலையைக் குடுத்தேன்.

அக்காவுக்கு இடது பக்கம் விழுந்துடுச்சு. கை கொஞ்சம் வந்துச்சு, பேச்சு பாதி வந்துச்சு, கால்தான் அடம். பிசியோதெரபி பண்ற பொண்ணு ஒளிக்காம சொல்லிடுச்சு: "இந்த சில மாசம்தான் மேடம் முக்கியம். இப்ப எவ்வளவு நடக்கறாங்களோ அவ்வளவுதான் திரும்பி வரும். விட்டுட்டீங்கன்னா அப்புறம் நாற்காலிதான்." எங்க நடக்கறது? தெருவுல நடைபாதை பல்லு போன வாய் மாதிரி இருக்கு. பூங்காவுல சைக்கிள் பறக்குது. வீட்டுக்குள்ள நடந்தா பத்து அடியில சுவரு. போதாக்குறைக்கு, தெரிஞ்சவங்க நின்னு பாத்து உச்சுக் கொட்டறது அவளுக்கு ஆகல. உச்சுக் கொட்டினா அவளுக்குக் கால் இன்னும் மரத்துப் போயிடும்.

அந்தக் காட்டுக்குள்ள ஒரு பாதை இருக்கு. ஒரு காலத்துல ரயில் ஓடின தடம். தண்டவாளத்தை எடுத்துட்டு சரளையைப் போட்டு இறுக்கி விட்டிருக்காங்க. மேடு பள்ளமே கிடையாது, நேரா குளத்துக்குப் போகும். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர். யாரும் உச்சுக் கொட்ட மாட்டாங்க. பிசியோவுக்குப் போற நாளைத் தவிர, கடை திறக்கறதுக்கு முன்னாடி தெனமும் அவளை என் கார்ல அங்க கூட்டிட்டுப் போவேன். வீட்டுக்குள்ள அவ சுவரையும் நாற்காலியையும் பிடிச்சுக்கிட்டே நடந்துடுவா. வெளியில நடக்க ஒரு வாக்கர் வாங்கினேன், முன்னாடி ரெண்டு சக்கரம் வெச்சது. அது என் கார் டிக்கியிலேயேதான் கிடக்கும்.

முதல் நாள் முதல் மரம் வரைக்கும் போனா. அப்புறம் வளைஞ்ச மரம். அப்புறம் ஒடிஞ்ச பெஞ்சு. நடக்கும்போது பேசக் கூடாதுன்னு பிசியோ பொண்ணு கண்டிப்பா சொல்லியிருந்துச்சு, பேசினா கால் மறந்துடுமாம். அதனால நான் பின்னாடியே வாயைப் பொத்திக்கிட்டு வருவேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனைன்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வாக்கரைத் தள்ளுவா, வலது காலை வைப்பா. அப்புறம் ஒரு நிமிஷம் உலகமே நிக்கும். அந்த இடது கால் இழுத்துக்கிட்டு வந்து சேரணும். சேர்ற வரைக்கும் என் கை அவ முதுகுக்குப் பின்னாடி நீண்டுக்கிட்டே இருக்கும்.

வாக்கர் சக்கரம் ஒண்ணு கத்தும். கண்ணாடிக் கீலுக்குப் போடற எண்ணெய் ஒரு சொட்டு விடட்டுமான்னு கேட்டேன். நின்னு மூச்சு வாங்கிட்டு, "வேணாம்டி... துணைக்கு இருக்கட்டும்"னா. அதுக்கப்புறம் அந்தச் சத்தம் என் காதுல விழறதே இல்ல. தெனமும் கேக்கறதை யாரு கேக்கறா?

அவளுக்கு ஒரே ஆசை. குளத்துக்குப் போகணும். அங்க மீன்கொத்தி இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க, அதைப் பாக்கணும். "குளம் வரைக்கும் போயிட்டேன்னா... நான் பழைய ஆளு"ன்னா ஒரு நாள், கார்ல உக்காந்து, பெல்ட்டை மாட்டிக்கிட்டே. நான் எதிர்ல ரோட்டைப் பாத்துக்கிட்டு வண்டியைக் கிளப்பினேன். கண்ணு கலங்கிடுச்சு, வேற என்ன செய்ய?

இந்த நேரத்துலதான் அத்தான் கிளப்புக்கு அந்தப் பறவை கிடைச்சுது.

ஒரு நாள் அக்காவை வீட்டுல விடப் போனேன். மனுஷன் சாப்பாட்டு மேசை முன்னாடி தரையில கால் பாவாம நின்னுக்கிட்டிருக்காரு. "கேட்டுட்டோம்! மேட்டுல நின்னுக்கிட்டிருந்தோம், கீழ அந்தப் புதர்லேர்ந்து கேட்டுது. இந்தப் பக்கம் இப்படிக் கத்தற ஒரு பறவை இருக்குன்னு யாருமே பதிவு பண்ணினதில்ல!" அது எப்படிக் கத்துச்சுன்னு செஞ்சும் காட்டினாரு. டயர்ல காத்து இறங்கற மாதிரி இருந்துச்சு. எச்சில் என் கண்ணாடி மேல பட்டுச்சு.

அதுலேர்ந்து வீட்டுல வேற பேச்சு கிடையாது. பறவைக்குப் பேரு வேற வெச்சுட்டாரு, 'மகாராணி'. "இன்னைக்கு மகாராணி பேசினா." "மகாராணிக்கு இன்னைக்குக் களைப்பு போல, இடைவெளி விட்டு விட்டுக் கூப்பிட்டா." அக்கா அங்கேயே சோபாவுல உக்காந்து இடது கைவிரலை ஒண்ணு ஒண்ணா விரிச்சுப் பழகிக்கிட்டிருப்பா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவளை இவரு கூப்பிடறது "இந்தா". அவ்வளவுதான். கண்ணால பாக்காத ஒரு பறவைக்கு மகாராணிப் பட்டம்!

அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாரு. வன அலுவலகத்துக்கு மனு குடுத்திருக்காங்களாம். மகாராணி முட்டை வெச்சு குஞ்சு பொரிச்சு முடிக்கற வரைக்கும் அந்த ரயில் பாதையை மூடணுமாம். கம்பி வேலி போட்டு, ஒருத்தரும் உள்ள போகக் கூடாதாம்.

"அத்தான், அக்கா நடக்கறது அந்தப் பாதையிலதான்."

"அந்தப் பாதையிலயா?" அவரு மூஞ்சி போன போக்கைப் பாக்கணும். "நீங்கதான் அதைத் தொந்தரவு பண்றீங்களா? அது எவ்வளவு கூச்ச சுபாவம் தெரியுமா உனக்கு?"

"நாங்க தெனமும் அங்கதான் போறோம். ஒரு பறவையும் அப்படிக் கத்தி நாங்க கேட்டதில்ல."

"உங்களுக்குக் காது பழகல"ன்னாரு. ரொம்ப இரக்கமாச் சொன்னாரு, அதுதான் இன்னும் எரிச்சல். "கேக்கறதுக்கும் ஒரு பயிற்சி வேணும்மா."

"இப்ப நடக்கலன்னா அவ அப்புறம் நடக்கவே மாட்டா. பிசியோ சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"கொஞ்ச நாள்தான? வராந்தாவுல நடக்கட்டுமே. வராந்தா என்ன சின்னதா?"

அக்கா விரலை மடக்கிட்டா. நான் காரைக் கிளப்பி கடைக்கு வந்து, முதல்ல வந்த வாடிக்கையாளர் மேல எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவருக்குக் கிட்டப்பார்வை.

மனு மேல கருத்துக் கேக்க ஒரு கூட்டம் வெச்சாங்க, சமுதாயக் கூடத்துல. வன அலுவலகத்துலேர்ந்து ஒரு அதிகாரி வர்றாங்க, பொதுமக்களும் பேசலாம்னு அறிவிப்பு. நானே போய்க் கிழி கிழின்னு கிழிச்சுட்டு வர்றேன்னு அக்காகிட்ட சொன்னேன். அவ தலையை ஆட்டினா. "நான்... பேசறேன்." ஒரே ஒரு வாக்கியம். அதைக் கார்லயும் குளியலறையிலயும் சொல்லிச் சொல்லிப் பழகினா. "பாதையை மூடாதீங்க, நான் இன்னும் குளம் வரைக்கும் போகல." 'பாதை'ங்கற வார்த்தையிலயே அவளுக்கு நாக்கு பிசகும். மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிப்பா.

அவ நடக்கறதை நாலு பேரு பாக்கறது அவளுக்குப் பிடிக்காதே. அதனால கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போய், கடைசி வரிசையில உக்கார வெச்சு, வாக்கரை மடக்கிச் சுவர்ல சாய்ச்சு வெச்சுட்டேன். அத்தான் கிளப்பு ஆளுங்களோட வந்தாரு. எங்களைத் தாண்டித்தான் மேடைக்குப் போனாரு. "வந்துட்டீங்களா, நல்லது, கத்துக்கலாம்"னு சொல்லிட்டுப் போனாரு.

அதிகாரி சின்ன வயசுப் பொண்ணுதான். மேசையில மனுவை விரிச்சு வெச்சுக்கிட்டு, தலைவர் பேசினதையும் தொப்பி அம்மா "கொள்ளை அழகு"ன்னு சொன்னதையும் பொறுமையாக் கேட்டுச்சு. அப்புறம் அத்தான் எழுந்தாரு. பைனாகுலர் கழுத்துல. கூடத்துக்குள்ள எதுக்கு பைனாகுலர்? கடைசி வரிசையில இருக்கற பொண்டாட்டியைப் பாக்கவா?

"இந்தப் பறவையோட பழக்கவழக்கத்தை நான் உன்னிப்பாக் கவனிச்சுக்கிட்டு வர்றேன்"னு ஆரம்பிச்சாரு. "காலையில மட்டும்தான் பேசும். ரயில் பாதையை விட்டு நகராது. முக்கியமான ஒண்ணு, புதன்கிழமை கத்தாது."

"புதன்கிழமை கத்தாதா?" அதிகாரி நிமிர்ந்து பாத்துச்சு.

"கத்தவே கத்தாது. காரணத்தையும் கண்டுபிடிச்சிருக்கேன். புதன்கிழமை குப்பை லாரி அந்தப் பக்கமா வருது. அந்த இரைச்சல்ல மகாராணிக்குக் கோபம். இதை நான் ஒரு கட்டுரையாவே எழுதப் போறேன்."

தலைவர் கை தட்டினாரு. அத்தான் கையமர்த்திட்டு, பதிவு பண்ணின குரலை ஒலிபெருக்கியில போட்டாரு.

முதல்ல இலை சலசலப்பு. தலைவரோட இருமல். அப்புறம், கீ. கீ. கீஈஈ. அதுக்கப்புறம் அமைதி.

அந்த அமைதியில என் வலது கை தானா முன்னாடி நீண்டுடுச்சு. நான் நீட்டல. அதுவா நீண்டுச்சு, முன்னாடி நாற்காலியில இருந்தவர் முதுகுல போய் இடிச்சுது. அவரு திரும்பி முறைச்சாரு. ஒலிபெருக்கியில மறுபடியும் கீ. கீ. கீஈஈ. மறுபடியும் அமைதி. அதுக்கு அடியில, சரளையில ஒரு செருப்பு இழுபடற சத்தம்.

அட கடவுளே!

திரும்பி அக்காவைப் பாத்தேன். அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. வாயோட வலது பக்கம் மட்டும் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு, இடது பக்கம் சும்மா இருந்துச்சு. நான் எழுந்திருக்கப் போனேன். வார்த்தையெல்லாம் தொண்டையில வரிசை கட்டி நின்னுச்சு, ஒவ்வொண்ணும் ஒரு செருப்படி. அவ என் மணிக்கட்டைப் பிடிச்சு அழுத்தினா. வாக்கரைக் கண்ணால காட்டினா.

மேடையில அத்தான் கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு. "இந்த மௌனத்தைக் கவனிங்க"ன்னாரு. "ரெண்டு நெடில், ஒரு அளபெடை, அப்புறம் ஒரு மௌனம். அழகே அந்த மௌனத்துலதான் இருக்கு."

"நேர்ல பாத்திருக்கீங்களா சார்?"ன்னு அதிகாரி கேட்டுச்சு.

"பாக்கல. பாக்கணும்னு அவசியம் இல்லம்மா. இந்தக் குரலை உலகத்துல எந்த மூலையில கேட்டாலும் நான் கண்டுபிடிச்சுடுவேன்."

வாக்கரை விரிச்சு அவ முன்னாடி வெச்சேன். எழுந்தா. ரெண்டு வரிசைக்கும் நடுவுல இருந்த வழியில முதல் தள்ளு தள்ளினா. மரப் பலகை போட்ட தரை, சத்தம் கணீர்னு எழுந்துச்சு.

கீ. கீ. கீஈஈ.

அத்தான் விரலைத் தூக்கினாரு. "ஷ்ஷ்! யாரும் அசையாதீங்க! கேட்டுதா? வெளியில!" மனுஷன் மேடையிலேர்ந்து குதிக்காத குறையா இறங்கி, ஜன்னலுக்கு ஓடி, கதவைத் தள்ளித் திறந்து, பைனாகுலரைக் கண்ணுல வெச்சுக்கிட்டாரு. "இங்கயே வந்துட்டா! எவ்வளவு பக்கத்துல கேக்குது பாருங்க!"

கடைசி வரிசை முதல்ல திரும்புச்சு. அப்புறம் அதுக்கு முன் வரிசை. அக்கா தாண்டத் தாண்ட ஒவ்வொரு தலையா திரும்புச்சு. நாலு பேரு பாத்தாலே கூசிப் போறவ, கூடமே பாக்க நடந்துக்கிட்டிருந்தா. யாரும் உச்சுக் கொட்டல. கொட்டியிருந்தா நான் கடிச்சிருப்பேன். தலைவர் வாயைத் திறந்தவரு மூடல. தொப்பி அம்மா தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாங்க. அதிகாரி பேனாவைக் கீழ வெச்சுடுச்சு.

"சார்..."னு தொப்பி அம்மா மெதுவாக் கூப்பிட்டாங்க. "செயலாளர் சார்..."

"பேசாதீங்கம்மா! கிட்ட வந்துக்கிட்டே இருக்கு!"

கிட்ட வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. கீ. கீ. கீஈஈ. அவரு முதுகுக்கு ஒரு கை தூரத்துல நின்னா. மூச்சு வாங்கினா. நான் பின்னாடி நின்னேன்.

"என்னங்க"ன்னா. "மகாராணி... வந்திருக்கேன்."

அத்தான் திரும்பினாரு. முதல்ல அவளைப் பாக்கல. வாக்கரைப் பாத்தாரு. சக்கரத்தைப் பாத்தாரு. அப்புறம்தான் கண்ணு மேல ஏறி அவ மூஞ்சிக்கு வந்துச்சு. அவ ஒரு அடி முன்னாடி தள்ளினா. கீன்னு ஒரே ஒரு தடவை. முன் வரிசையில யாரோ சிரிச்சுட்டு உடனே நிறுத்திக்கிட்டாங்க.

"இது எப்பலேர்ந்து இப்படிக் கத்துது?"ன்னாரு.

"முத நாள்... லேர்ந்து."

அவ அதிகாரி பக்கம் திரும்பினா. வாக்கரோட திரும்பறதுதான் அவளுக்கு இருக்கறதுலயே கஷ்டம், அதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு. பழகி வெச்ச வாக்கியத்தைச் சொன்னா. "பாதையை... மூடாதீங்கம்மா. நான் இன்னும் குளம்... வரைக்கும் போகல." நாக்கு பிசகல. அந்தப் பொண்ணு எழுந்து நின்னு, "மூட மாட்டோம்மா, நீங்க போங்க"ன்னு சொல்லுச்சு. மனுவை எடுத்து மடிச்சு பைக்குள்ள வெச்சுடுச்சு. தலைவர் எங்கயோ பாத்து இருமினாரு.

அவ்வளவுதான், பாதை கிடைச்சாச்சு, வீட்டுக்குப் போகலாம்னு நான் நெனச்சேன். அக்கா நகரல. மறுபடியும் அத்தானைப் பாத்தா. கோபமாப் பாக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு பாத்தா.

"புதன்கிழமை... நான் எங்க போறேன்?"

அத்தான் ஜன்னல் பக்கம் பாத்தாரு. அப்புறம் பாருங்க, என்னைப் பாத்தாரு, விடை எங்கிட்ட இருக்கும்னு. புதன்கிழமை காலையில தவறாம அவளை பிசியோகிட்ட கூட்டிட்டுப் போறவ நான்தானே. வாய் நிறைய பதிலை வெச்சுக்கிட்டு, வாழ்க்கையில முதல் தடவையா, யாரும் சொல்லாமலேயே நான் பேசாம இருந்தேன். குப்பை லாரின்னு சொல்லிடுவாரோன்னுகூடத் தோணுச்சு. அதுவும் வரல.

அக்கா வாக்கரைத் திருப்பி, வந்த வழியே வாசலைப் பாத்து நடந்தா. தள்ளினா, வலது காலை வெச்சா, நின்னா. இடது கால் வரணும். கூடம் மொத்தமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. என் கை அவ முதுகுக்குப் பின்னாடி நீண்டுச்சு. திரும்பிப் பாத்தேன். அத்தான் ஜன்னல்கிட்டயே நின்னுக்கிட்டு, ரெண்டு கையாலயும் பைனாகுலரைப் பிடிச்சுக்கிட்டிருந்தாரு.